“ரிப்போர்ட்டில் வாஸ்குலர் இன்வேஷன் என்று போட்டிருக்கிறதே, டாக்டர்?” – கல்லீரல் புற்றுநோயும் ரத்தக்குழாய் ஊடுருவலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் நோய்க்குறியியல் மருத்துவர். ஊர்வழக்கில் ‘பயாப்சி பார்க்கிற டாக்டர்’. நோயாளியின் முகம் பெரும்பாலும் எனக்குத் தெரியாது. அவர் கல்லீரலிலிருந்து வெட்டியெடுத்த பகுதிதான் ஃபார்மலின் டப்பாவில் என் மேசைக்கு வரும். ஆனால் ரிப்போர்ட் வாங்க வருகிற மகனோ மகளோ மைத்துனரோ கவரை அங்கேயே பிரித்துப் படித்துவிட்டு, ஒரு வரியின்மேல் விரலை வைத்துக்கொண்டு நிற்பார்கள். கல்லீரல் கேஸ்களில் அந்த வரி அநேகமாக இதுதான்: ‘மைக்ரோவாஸ்குலர் இன்வேஷன்: பிரசென்ட்’. அதற்குள் போனில் தேடியிருப்பார்கள். ‘மூணு மாசம், ஆறு மாசம்’ என்று எதையோ படித்துக் கலங்கியிருப்பார்கள். அவர்கள் படித்தது பல நேரம் வேறு ஒரு நிலையைப் பற்றியதாக இருக்கும். பெயர் ஒன்றுபோல் இருப்பதால் வந்த குழப்பம் அது.

கல்லீரல் செல்லிலேயே தொடங்கும் புற்றுநோயை, அதாவது ஹெபட்டோசெல்லுலர் கார்சினோமாவை மட்டுமே இங்கே பேசுகிறேன். குடலிலிருந்து கல்லீரலுக்குப் பரவிய புற்றுக்கும் பித்தக்குழாய்ப் புற்றுக்கும் கணக்கு வேறு.

அப்பாவுக்குக் கட்டியை முழுசாக எடுத்தாச்சு என்றார்கள். பிறகு எப்படி ‘இன்வேஷன்’ என்று வரும்?

இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். அறுவை மருத்துவர் கண்ணுக்குத் தெரிந்த கட்டியை, சுற்றியுள்ள நல்ல கல்லீரலோடு சேர்த்து எடுத்துவிட்டார். வெட்டிய ஓரத்தில் புற்று இல்லை. அதுதான் ‘முழுசாக எடுத்தாச்சு’ என்பதன் பொருள். நான் அந்தத் துண்டை மெல்லிய தகடுகளாகச் சீவி, சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது, கட்டிக்கு வெளியே ஒரு சின்னஞ்சிறு ரத்தக்குழாய் தெரிகிறது. அதற்குள்ளே புற்றுச் செல்கள் கொத்தாக மிதக்கின்றன. குழாயின் உள்சுவர்ச் செல்கள் சுற்றிலும் வரி கட்டி நிற்கின்றன. சந்தேகம் வந்தால் அந்த உள்சுவரை மட்டும் எடுத்துக்காட்டும் சாயம் போட்டு உறுதி செய்துகொள்வோம். அதுதான் நுண்குழாய் ஊடுருவல், சுருக்கமாக எம்.வி.ஐ. ஸ்கேனில் தெரியாது, அறுவை செய்தவர் கண்ணுக்கும் தெரியாது.

நாங்கள் பார்த்த அந்தக் கொத்து இப்போது கண்ணாடித் தகட்டில் இருக்கிறது, உங்கள் அப்பாவின் உடலில் இல்லை. கவலை அதற்கு முன்னால் நழுவிப் போயிருக்கக்கூடிய கொத்துகளைப் பற்றியது.

புற்றுநோய் என்றாலே ரத்தத்தில் பரவுவதுதானே? கல்லீரலில் மட்டும் ஏன் இதைத் தனியாகப் பேசுகிறீர்கள்?

கல்லீரலுக்கு ரத்தம் வர இரண்டு வழிகள். ஒன்று இதயத்திலிருந்து வரும் தமனி. இன்னொன்று குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் வரும் போர்ட்டல் வெயின். கல்லீரலுக்குள் பாயும் ரத்தத்தில் சுமார் முக்கால் பங்கு இந்த இரண்டாவது வழியில்தான் வருகிறது. ஆனால் முற்றிய புற்றுக்கட்டி தமனியைத்தான் உறிஞ்சிக் கொழுக்கும். குடித்த ரத்தத்தை அது வெளியே விடுவது பெரும்பாலும் பக்கத்திலிருக்கும் போர்ட்டல் கிளைகளில். அந்தக் கிளைகள் ஓடுவதோ மறுபடி கல்லீரலுக்குள்ளேயே. வாய்க்காலில் விழுந்த களை விதை அடுத்த வயலில் போய் முளைப்பதுபோல, புற்றுச் செல் கல்லீரலின் அடுத்த பகுதியில் போய் ஊன்றிக்கொள்கிறது. கல்லீரல் புற்று எடுத்தபின் மீண்டும் வந்தால் பெரும்பாலும் கல்லீரலிலேயே வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கல்லீரலிலிருந்து ரத்தம் வெளியேறும் ஹெபாட்டிக் வெயினுக்குள் புகுந்தால் பாதை வேறு. அது உடலின் பெருஞ்சிரையில் சேர்ந்து இதயத்தின் வலப்பக்கம் போய், அங்கிருந்து நுரையீரலுக்குப் போகும். அரிதாக, புற்று ஒரு நீண்ட விரல்போல வளர்ந்து இதய அறைக்குள்ளேயே நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்க நேரும்.

இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு இதுவே பெரிதாகப் படுகிறது. கல்லீரல் புற்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஏற்கெனவே சிரோசிஸ் இருக்கும். ஹெபடைடிஸ் பி, சி, மது, கொழுப்புக் கல்லீரல் என்று ஏதோ ஒன்று கல்லீரலைத் தழும்பாக்கி வைத்திருக்கும். அந்தத் தளர்ந்த கல்லீரலின் பிரதான ரத்த வரத்தை ஒரு புற்று அடைத்தால், வயிற்றில் நீர் கோக்கும், உணவுக்குழாயின் சிரைகள் புடைக்கும், மஞ்சள் காமாலை ஏறும். இந்த நோயில் பலர் உயிர்விடுவது கட்டியின் பருமனால் அல்ல. கல்லீரல் செயலிழப்பாலும் ரத்தக்கசிவாலும்தான்.

ஸ்கேனில் ‘போர்ட்டல் வெயின் டியூமர் த்ராம்பஸ்’ என்று வந்திருக்கிறது. அதுவும் எம்.வி.ஐ.யும் ஒன்றா?

இல்லை. போனில் தேடுகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான்.

ஸ்கேனில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரிய குழாயில் புற்று இருந்தால் அது பெருங்குழாய் ஊடுருவல். நீங்கள் சொல்லும் ‘டியூமர் த்ராம்பஸ்’, அதாவது குழாயை அடைக்கும் புற்று உறைவு, இந்த வகை. பார்சிலோனா மருத்துவர்கள் 1999இல் வகுத்த பி.சி.எல்.சி. என்ற நிலைப் பகுப்பு பல நாடுகளில் புழக்கத்தில் இருக்கிறது. அதில் பெருங்குழாய் ஊடுருவல் உள்ளவர், கட்டி ஒன்றே ஒன்றாக இருந்தாலும், முற்றிய நிலையான ‘சி’ பிரிவுக்குப் போய்விடுவார். நுண்குழாய் ஊடுருவலுக்கு அந்தப் பகுப்பில் இடமே கிடையாது, ஏனென்றால் சிகிச்சையை முடிவு செய்யும் நேரத்தில் அது யாருக்கும் தெரிந்திருக்காது.

பெருங்குழாய் என்பதற்குள்ளும் படிகள் உண்டு. ஜப்பானியர்கள் இதை அழகாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு மரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். புற்று நுனிக்கொம்புகளில் இருந்தால் வி.பி.1, அதற்கடுத்த கிளையில் வி.பி.2, வலது அல்லது இடது பெருங்கிளையில் வி.பி.3, அடிமரத்திலோ எதிர்ப்பக்கக் கிளையிலோ இருந்தால் வி.பி.4. வி.பி.2 உள்ளவரையும் வி.பி.4 உள்ளவரையும் ‘போர்ட்டல் வெயினில் புற்று’ என்ற ஒரே வாக்கியத்தில் அடைப்பது, காய்ச்சல் என்று சொல்லி ஜலதோஷத்தையும் டெங்குவையும் ஒன்றாக்குவதுபோல. உங்கள் ஸ்கேன் ரிப்போர்ட்டில் எந்தக் கிளை என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

அது வெறும் ரத்தக்கட்டியாக இருக்கக்கூடாதா? ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்தால் கரையாதா?

நல்ல கேள்வி, வெறும் உறைவாகவும் இருக்கலாம். சிரோசிஸ் உள்ளவர்களுக்குப் புற்றே இல்லாமலும் போர்ட்டல் வெயினில் ரத்தம் உறைவதுண்டு. மூன்று கட்டமாக எடுக்கும் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ.யில் ரேடியாலஜி மருத்துவர் பிரித்துப் பார்ப்பார். புற்று என்றால் அதற்கும் தமனி ரத்தம் போகும். ஆகவே மருந்து ஏற்றியதும் முதல் கட்டத்திலேயே அது பளிச்சிடும். குழாயும் உப்பியிருக்கும். பெரும்பாலும் பக்கத்துக் கட்டியோடு தொடர்ச்சியாக இருக்கும். வெறும் உறைவு பளிச்சிடாது. ஏ.எஃப்.பி. என்ற ரத்தப் பரிசோதனை அளவு மிக அதிகமாக இருந்தால் சந்தேகம் புற்றின் பக்கம் சாயும்.

புற்று உறைவு மாத்திரைக்குக் கரையாது. அது ரத்தம் அல்ல, வளரும் திசு. அதோடு, உணவுக்குழாயில் சிரை புடைத்திருப்பவருக்கு இந்த மாத்திரையால் ரத்தக்கசிவு அபாயம் உண்டு. வெறும் உறைவு என்று உறுதியானால் மாத்திரை கொடுப்பதா இல்லையா என்பது வேறு கணக்கு.

எம்.வி.ஐ. இருக்கிறதென்று ஆபரேஷனுக்கு முன்பே கண்டுபிடிக்க முடியாதா?

ஊகிக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது. கட்டியின் ஓரம் வழவழப்பாக இல்லாமல் மொட்டுவிட்டதுபோல் இருப்பது, சுற்றியுள்ள கல்லீரலும் சேர்ந்து பளிச்சிடுவது, ஏ.எஃப்.பி., பிவ்கா போன்ற ரத்த அளவுகள் உயர்ந்திருப்பது எல்லாம் சந்தேகத்தைக் கூட்டும். ஊசி குத்தி எடுக்கும் பயாப்சியில் ‘எம்.வி.ஐ. இல்லை’ என்று வந்தால் அதை நம்பி உட்கார வேண்டாம். நூலிழை அளவு துண்டில் கட்டியின் ஓரம் வந்திருக்கவே வாய்ப்புக் குறைவு, எம்.வி.ஐ. ஒளிந்திருப்பதோ ஓரத்தில்.

எங்கள் துறையைப் பற்றியும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வெவ்வேறு ஆய்வுகளில் எம்.வி.ஐ. காணப்பட்ட விகிதம் 15 முதல் 57 சதவீதம் வரை மாறுகிறது. நோயாளிகள் வேறுபடுவது ஒரு காரணம். தேடும் விதம் வேறுபடுவது இன்னொரு காரணம். கட்டியின் ஓரத்திலிருந்து இரண்டே துண்டு எடுத்துப் பார்ப்பவருக்கும், சீனாவில் வகுத்த முறைப்படி ஏழு இடங்களில் எடுத்துப் பார்ப்பவருக்கும் ஒரே விடை வராது. ‘ஆப்சென்ட்’ என்ற வார்த்தைக்கு, தேடிய அளவுக்குத்தான் மதிப்பு.

கட்டி மூணு சென்டிமீட்டர்தான். அதில் போயா இது வரும்?

வரும், ஆனால் குறைவாக. 2005இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில் 3 செ.மீ. வரையுள்ள கட்டிகளில் நாலில் ஒன்றிலும், 3 முதல் 5 செ.மீ. வரை 40 சதவீதத்திலும், 6.5 செ.மீ.க்கு மேல் 63 சதவீதத்திலும் எம்.வி.ஐ. இருந்தது. கட்டி 2 செ.மீ.யோ அதற்குக் கீழோ இருந்தால், புற்றின் நிலையைப் பிரிக்கும் அமெரிக்க டி.என்.எம். பகுப்பின் எட்டாம் பதிப்பு எம்.வி.ஐ. இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதை ஒரே முதல் நிலையில் வைக்கிறது. அந்த அளவில் எம்.வி.ஐ. பெரிய வித்தியாசத்தை உண்டாக்குவதாகத் தெரியவில்லை என்பதே காரணம்.

எம்.வி.ஐ. இருந்தால் எவ்வளவு காலம்? நேராகச் சொல்லுங்கள்.

நேராகவே சொல்கிறேன்: எம்.வி.ஐ. இருப்பது மாதங்களில் எண்ணும் நிலை அல்ல. ஆனால் புற்று திரும்பி வரும் வாய்ப்பை அது கூட்டுகிறது, சீக்கிரம் வரவும் செய்கிறது.

கல்லீரல் புற்றை வெட்டியெடுத்தவர்களில், எம்.வி.ஐ. இல்லாதவர்களையும் சேர்த்து, ஐந்தாண்டுக்குள் ஏறத்தாழ 70 சதவீதம் பேருக்கு மீண்டும் வருகிறது. இதில் இரண்டு வகை. முதல் இரண்டாண்டுக்குள் வருவது பெரும்பாலும் பழைய கட்டியிலிருந்து நழுவிய செல்கள், எம்.வி.ஐ.யின் கைவரிசை இங்கேதான். அதற்குப் பிறகு வருவது பல நேரம் புதிய புற்று; பழுதான கல்லீரலில் வேறொரு இடத்தில் முளைத்தது. ஆகவே எம்.வி.ஐ. உள்ளவர் முதல் இரண்டாண்டைத் தாண்டிவிட்டால் ஒரு பெரிய கண்டத்தைத் தாண்டியதாகக் கொள்ளலாம். கண்காணிப்பு மட்டும் நிற்கக்கூடாது.

எம்.வி.ஐ.யிலும் அளவு உண்டு. கட்டியை ஒட்டி ஒரு சென்டிமீட்டருக்குள் ஐந்து அல்லது அதற்குக் குறைவான குழாய்களில் இருந்தால் எம்.1, ஐந்துக்கு மேல் இருந்தாலோ ஒரு சென்டிமீட்டரைத் தாண்டிய இடத்தில் இருந்தாலோ எம்.2. எம்.2 தான் அதிகம் பயப்பட வேண்டியது. ரிப்போர்ட்டில் வெறும் ‘பிரசென்ட்’ என்று மட்டும் இருந்தால், எழுதியவரிடம் எத்தனை குழாய், எவ்வளவு தூரம் என்று கேட்பதில் தவறில்லை. எங்களுக்குக் கோபம் வராது. வந்தால் அது எங்கள் குறை.

மாற்றுக் கல்லீரல் பொருத்தியவர்களிடம் இதன் பலம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. இத்தாலியின் மிலான் நகரத்து மசாஃபெரோ குழு 2009இல் வெளியிட்ட பெரிய கணக்கில், கட்டிகளின் எண்ணிக்கையும் பெரிய கட்டியின் சென்டிமீட்டரும் சேர்ந்து ஏழுக்குள் அடங்கி எம்.வி.ஐ.யும் இல்லாதவர்களில் 71 சதவீதம் பேர் ஐந்தாண்டு கடந்து உயிரோடிருந்தார்கள். அதே அளவுக் கட்டிகளுக்கு எம்.வி.ஐ. சேர்ந்ததும் அந்த எண் வெகுவாகச் சரிந்தது. கட்டியின் அளவைவிட அதன் குணம் பேசிய இடம் அது.

ஆபரேஷனுக்குப் பிறகு திரும்ப வராமல் இருக்க மருந்து கிடையாதா?

இதுவரை உறுதியாகக் கைகொடுத்த மாத்திரையோ ஊசியோ இல்லை. சொராஃபெனிப் மாத்திரையைத் தடுப்பாகக் கொடுத்துப் பார்த்த உலகளாவிய ஆய்வு 2015இல் தோல்வியில் முடிந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் அதே காலத்தில்தான் புற்று திரும்பியது. 2023இல் அட்டிசோலிசுமாப், பெவாசிசுமாப் என்ற இரண்டு ஊசிகளையும் சேர்த்துக் கொடுத்த ஆய்வு பெரிய நம்பிக்கை ஊட்டியது. எம்.வி.ஐ. உள்ளவர்களும் அதில் இருந்தார்கள். ஓராண்டு முடிவில் ஊசி போட்டவர்களில் 78 சதவீதம் பேரும் போடாதவர்களில் 65 சதவீதம் பேரும் புற்று திரும்பாமல் இருந்தார்கள். மாநாட்டு அரங்கில் கைதட்டல். கூடுதல் காலம் கண்காணித்தபோது அந்த இடைவெளி கரைந்துபோனது. 2023இன் செய்தியை மட்டும் படித்துவிட்டு, நிலத்தை விற்றாவது அந்த ஊசியைப் போட வேண்டும் என்று கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்கு வேறொரு மருந்து இருக்கிறது, அதைத்தான் பலர் அலட்சியம் செய்கிறார்கள். என்டகாவிர் அல்லது டெனோஃபோவிர் மாத்திரை. தினம் ஒன்று, விடாமல். வைரஸ் அடங்கினால் கல்லீரலும் தேறும், புற்று திரும்பும் வாய்ப்பும் குறையும். ‘கட்டியைத்தான் எடுத்தாச்சே’ என்று நிறுத்திவிடாதீர்கள்.

பிறகு கண்காணிப்பு. முதல் இரண்டாண்டு மூன்று, நான்கு மாதத்துக்கொருமுறை சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ.யும் ஏ.எஃப்.பி.யும். சிறிதாக இருக்கும்போதே பிடிபட்டால் ஊசிமுனையால் சுட்டு அழிக்கலாம், மீண்டும் வெட்டலாம், சிலருக்கு மாற்றுக் கல்லீரல்கூட யோசிக்கலாம்.

என் மாமாவுக்கு ஸ்கேனிலேயே போர்ட்டல் வெயினில் புற்று. மூன்று மாதம் என்று படித்தேன்.

நீங்கள் படித்த எண் பொய்யல்ல, பழசு. சிகிச்சை எதுவும் இல்லாத காலத்தில் போர்ட்டல் வெயினில் புற்று புகுந்தவர்களின் இடைநிலை ஆயுள் இரண்டு முதல் நான்கு மாதம் என்றுதான் பதிவாகியிருக்கிறது. இடைநிலை ஆயுள் என்றால், நூறு பேரை வரிசையாக நிறுத்தினால் ஐம்பதாவது ஆளின் காலம். பாதிப்பேர் அதைத் தாண்டினார்கள். டாக்டர் ‘எட்டு மாதம்’ என்றால் காலண்டரில் வட்டம் போடும் தேதி அல்ல அது.

2007இல் சொராஃபெனிப் வந்தது. ஐரோப்பா, அமெரிக்கா பக்கம் நடந்த ஆய்வில் முற்றிய நிலையில் இருந்தவர்களின் இடைநிலை ஆயுள் 7.9 மாதத்திலிருந்து 10.7 ஆனது. நம்மைப்போல் ஹெபடைடிஸ் பி அதிகமுள்ள ஆசியாவில் நடந்ததில் 4.2இலிருந்து 6.5. பெருமைப்பட ஒன்றுமில்லாத முன்னேற்றம், ஆனால் முதல் முன்னேற்றம். 2020இல் அட்டிசோலிசுமாப்–பெவாசிசுமாப் ஊசி வந்தபின் முற்றிய நோயாளிகளின் இடைநிலை ஆயுள் 19.2 மாதத்தைத் தொட்டது. ஒப்பிட்ட சொராஃபெனிப்புக்கு 13.4. துர்வாலுமாப்–ட்ரெமிலிமுமாப் என்ற வேறொரு ஜோடியில் ஐந்தாண்டு கழித்தும் 19.6 சதவீதம் பேர் இருந்தார்கள். முற்றிய கல்லீரல் புற்றில் ஐந்தாண்டு என்ற பேச்சையே நான் படித்த காலத்தில் கேட்டதில்லை.

இனி கசப்பான பகுதி. இந்த எண்கள் எல்லோருக்கும் பொருந்தாது. துர்வாலுமாப் ஆய்வில் அடிமரம் அடைத்தவர்களைச் சேர்க்கவே இல்லை. லென்வாட்டினிப் மாத்திரையின் ஆய்விலும் அப்படித்தான். அட்டிசோலிசுமாப் ஆய்வில் அவர்களைச் சேர்த்தார்கள், அது பாராட்டத்தக்கது, அந்த வி.பி.4 நோயாளிகளின் இடைநிலை ஆயுள் 7.6 மாதம், சொராஃபெனிப் பெற்றவர்களுக்கு 5.5. ஆய்வில் சேர்ந்தவர்கள் அநேகமாக எல்லோரும் சைல்ட்–பியூ ‘ஏ’, அதாவது கல்லீரல் இன்னும் ஓரளவு நன்றாக வேலை செய்கிறவர்கள். காமாலையும் வயிற்றில் நீருமாகப் படுத்திருக்கும் ஒருவருக்கு இந்த எண்களைக் காட்டி ஆசை காட்டுவது நியாயமில்லை. ஆகவே மாமாவின் மருத்துவரிடம் இரண்டைக் கேளுங்கள்: எந்தக் கிளை? சைல்ட்–பியூ ஏ, பி, சி எது? இரண்டாவது பதில் பல நேரம் முதல் பதிலைவிட முக்கியம்.

ஒரு டாக்டர் ஆபரேஷன் செய்யலாம் என்கிறார், இன்னொருவர் கூடவே கூடாது என்கிறார். யாரை நம்புவது?

இது இரண்டு டாக்டர்களின் சண்டை இல்லை, கிழக்கும் மேற்கும் போடும் சண்டை. ஐரோப்பிய, அமெரிக்க வழிகாட்டிகள் பெருங்குழாய் ஊடுருவல் என்றாலே மருந்துதான் என்கின்றன. ஜப்பான், சீனா, கொரியாவில் தேர்ந்தெடுத்த சிலருக்கு வெட்டுகிறார்கள். ஜப்பான் நாடு முழுவதிலுமிருந்து திரட்டி 2016இல் வெளியிட்ட கணக்கில், கல்லீரல் நன்றாக உள்ள, ஒத்த நிலையில் இருந்தவர்களை ஒப்பிட்டபோது அறுவை செய்தவர்களின் இடைநிலை ஆயுள் 2.45 ஆண்டு, செய்யாதவர்களுக்கு 1.57. அடிமரத்தில் புற்று இருந்தவர்களுக்கு மட்டும் தெளிவான பலன் தெரியவில்லை. இது பழைய பதிவுகளைப் புரட்டிப் போட்ட கணக்கு. சீட்டுக் குலுக்கிப் பிரித்து நடத்திய ஆய்வு அல்ல. அறுவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் முதலிலேயே திடமானவர்களாக இருந்திருக்கலாம்.

என் கருத்து: நுனிக்கிளையில் புற்று, ஏ பிரிவுக் கல்லீரல், பழகிய கை என்று மூன்றும் அமைந்தால் அறுவையைப் பற்றிப் பேசிப் பார்ப்பதில் தவறில்லை. அடிமரம் என்றால் நான் என் வீட்டில் ஒருவருக்கு ஒப்புக்கொள்ள மாட்டேன்.

டேஸ், ரேடியேஷன் என்கிறார்களே?

டேஸ் என்பது தொடை அல்லது கை தமனி வழியே மெல்லிய குழாய் விட்டு, கட்டிக்குப் போகும் தமனியில் மருந்தைச் செலுத்தி அதை அடைப்பது. இரண்டு வழிக் கணக்கை இங்கே நினைவுகூருங்கள். கட்டி தமனியை நம்பியிருக்கிறது, நல்ல கல்லீரல் போர்ட்டல் வெயினை நம்பியிருக்கிறது. அதனால் தமனியை அடைத்தால் கட்டி பட்டினி கிடக்கும், கல்லீரல் பிழைக்கும். போர்ட்டல் வெயினின் அடிமரமே அடைத்திருந்தால்? தமனியையும் அடைத்தால் கல்லீரலுக்கு இரண்டு வரத்தும் போச்சு. டாக்டர் தயங்குவது அதனால்தான்.

கதிர்வீச்சு இந்த இடத்தில் நல்ல துணை. 2018இல் சியோலில் 90 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், பெருங்குழாய் ஊடுருவல் உள்ளவர்களுக்கு டேஸும் கதிர்வீச்சும் சேர்த்துக் கொடுத்தபோது இடைநிலை ஆயுள் 55 வாரம். சொராஃபெனிப் மட்டும் பெற்றவர்களுக்கு 43 வாரம். சேர்த்துப் பெற்றவர்களில் ஐந்து பேருக்கு நோய் சுருங்கி, முழுமையாக வெட்டியெடுக்க முடிந்தது. சிறிய ஆய்வுதான், ஆனால் ‘ஒன்றும் செய்ய முடியாது’ என்ற வாய்க்கு நல்ல பதில்.

மாற்றுக் கல்லீரல்? நான் கொடுக்கத் தயார்.

1996இல் வந்த மிலான் விதி இன்றும் அடிப்படை: ஒரு கட்டி என்றால் 5 செ.மீ.க்குள், மூன்று வரை என்றால் ஒவ்வொன்றும் 3 செ.மீ.க்குள், பெருங்குழாயில் புற்று இருக்கக்கூடாது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளோடு வாழும் உடலில், ரத்தத்தில் திரியும் புற்றுச் செல்லுக்குக் கொண்டாட்டம் என்பதால் அந்தத் தடை. சமீப ஆண்டுகளில் இந்தியா உட்படச் சில நாடுகளின் மையங்களில், முதலில் கதிர்வீச்சு முதலியவற்றால் குழாயிலுள்ள புற்றைச் செயலிழக்கச் செய்து, ஏ.எஃப்.பி. இறங்கி, சில மாதம் காத்திருந்து பார்த்தபின் உறவினர் தானத்தில் மாற்றுக் கல்லீரல் வைத்திருக்கிறார்கள். மிகவும் தேர்ந்தெடுத்த சிலருக்கு நல்ல பலன் வந்திருக்கிறது. காத்திருக்காமல் ‘உடனே வைத்துவிடலாம்’ என்று யாராவது சொன்னால் வேறொரு இடத்தில் கருத்துக் கேளுங்கள். கொடுக்கிறவரும் ஒரு மனிதர், அவர் வயிற்றிலும் கத்தி படுகிறது.

ஊசி போடுவதற்கு முன் எண்டோஸ்கோபி ஏன்? செலவு வைக்கிறார்களா?

இல்லை. பெவாசிசுமாப் ரத்தக்கசிவைத் தூண்டக்கூடியது. போர்ட்டல் வெயின் அடைத்தவருக்கு உணவுக்குழாய்ச் சிரைகள் புடைத்திருக்க வாய்ப்பு அதிகம். பார்த்து, தேவையென்றால் வளையம் போட்டுக் கட்டிவிட்டுத்தான் ஊசி. வீட்டில் ரத்த வாந்தி எடுத்தாலோ, மலம் தார்போலக் கறுப்பாகப் போனாலோ, பேச்சும் புத்தியும் தடுமாறினாலோ விடியும்வரை பார்க்காதீர்கள். அந்த இரவே ஆஸ்பத்திரி.

கீழாநெல்லி கொடுக்கலாமா?

இந்தக் கேள்வி வராத நாளில்லை. என் பாட்டியும் காமாலைக்கு மோரில் அரைத்துக் கொடுத்தவர்தான், ஆகவே சிரிக்க மாட்டேன். கீழாநெல்லியை உலக மேடைக்குக் கொண்டுபோனதே சென்னைதான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு, ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்கோடு சேர்ந்து 1988இல் லான்செட் இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டது. கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது என்றார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு மற்ற நாடுகளில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அந்த ஆய்வும் வைரஸைப் பற்றியதுதான், குழாய்க்குள் புகுந்த புற்றைப் பற்றியது அல்ல.

பெயர் தெரியாத பொடி, லேகியம், ‘கல்லீரல் டானிக்’ எதையும் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே தளர்ந்த கல்லீரல் அவற்றால் மேலும் கெட்டு, ஏ பிரிவிலிருந்து சி பிரிவுக்கு இறங்கிவிட்டால், புற்றுக்கான சிகிச்சைக் கதவே மூடிவிடும்.

எங்களுக்கும் வருமா?

ஊடுருவல் பரம்பரையாக வருவதில்லை. ஆனால் அப்பாவுக்கு ஹெபடைடிஸ் பி இருந்தால் அம்மா, பிள்ளைகள், கூடப்பிறந்தவர்கள் எல்லோரும் ஒரு தடவை ரத்தம் கொடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் தடுப்பூசி. இருந்தால் மருத்துவரைப் பார்த்து, ஆறு மாதத்துக்கொருமுறை வயிற்று ஸ்கேன் தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெருங்குழாயில் புற்று புகுந்தபின் வருகிறவர்களில் பலர் அந்த ஆறு மாத ஸ்கேனை ஒருமுறைகூட எடுக்காதவர்கள்.

அப்பாவிடம் சொல்லலாமா?

அவரிடமே, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேளுங்கள். பெரும்பாலும் அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். நீங்கள் மறைப்பதும் தெரிந்திருக்கும்.

ஸ்லைடை வேறு ஆஸ்பத்திரியில் காட்டினால் நீங்கள் தவறாக நினைப்பீர்களா?

மாட்டோம். எம்.வி.ஐ. இருக்கிறதா இல்லையா என்பதில் தேர்ந்த இருவருக்கே சில சமயம் கருத்து மாறும். கட்டி சுருங்கும்போது உண்டாகும் வெற்றிடத்தைக் குழாய் என்று நினைத்துவிடுவதும், சிதைந்த குழாயைக் குழாயில்லை என்று விட்டுவிடுவதும் நடக்கும். ஸ்லைடு மட்டும் வாங்காதீர்கள். திசுவைப் பதித்து வைத்திருக்கும் பாராஃபின் பிளாக்கையும் எழுதிக்கொடுத்து வாங்குங்கள். அதிலிருந்துதான் புதிதாகச் சீவி, கூடுதல் சாயம் போட்டுப் பார்க்க முடியும். ஸ்கேன் என்றால் பிரிண்ட் ஃபிலிம் போதாது, குறுந்தட்டில் பதிந்து கொடுக்கச் சொல்லுங்கள். சித்திரை வெயிலில் பிளாக்கைக் கார் டேஷ்போர்டில் வைத்து எடுத்துப் போகாதீர்கள். அது மெழுகு.